தோற்றுப்போன கேம் கன்சோல்கள்: சேலத்து மாடி அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியை ஒட்டிய அறையில், உலகச் சந்தையில் விலைபோகாமல் நின்றுபோன வீடியோ கேம் இயந்திரங்கள் 11-ஐச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், கேள்விப்பட்டு வருபவர்களும் விளையாடிவிட்டுப் போகிறார்கள். வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒருவருக்கு ஜாய்ஸ்டிக்கை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இன்னொருவருக்கு விடை சொல்லும்போது பாதியைச் சொல்லிப் பாதியை விட்டுவிடுகிறேன் என்பதால், நிதானமாக எழுதி வைக்கிறேன்.

எதைத் 'தோற்றுப்போன கன்சோல்' என்கிறீர்கள்?

தயாரித்த நிறுவனம் எதிர்பார்த்த அளவுக்கு விற்காமல், உரிய ஆயுளுக்கு முன்பே உற்பத்தி நிறுத்தப்பட்டவற்றைத்தான் அப்படிச் சொல்கிறேன். எண்ணிக்கையை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய இயலாது. ஆப்பிளும் ஜப்பானிய பொம்மை நிறுவனமான பந்தாயும் சேர்ந்து 1996-இல் கொண்டுவந்த பிப்பின் ஏறக்குறைய 42,000 மட்டுமே விற்றது; அதைத் தோல்வி என்று சொல்ல விளக்கம் தேவையில்லை. ஜப்பானிய நிறுவனமான சேகாவின் டிரீம்காஸ்டோ 91 லட்சம் விற்றது. "91 லட்சம் வித்தா அது தோல்வியா அண்ணா?" என்று எங்கள் தெருப் பையன் ஒருவன் கேட்டான். அதற்குப் போட்டியாக வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 2 தன் வாழ்நாளில் 15 கோடிக்கு மேல் விற்றது என்பதையும், டிரீம்காஸ்டோடு சேகா கன்சோல் தயாரிப்பையே கைவிட்டது என்பதையும் சொன்ன பிறகுதான் அவன் ஒப்புக்கொண்டான்.

விற்காததெல்லாம் நல்ல சரக்கு என்ற மயக்கமும் எனக்கு இல்லை. பிலிப்ஸ் நிறுவனத்தின் சிடி-ஐ இயந்திரத்தோடு வரும் ஜாய்ஸ்டிக்கைப் பத்து நிமிடம் கையில் பிடித்தவர்கள், அது ஏன் விற்கவில்லை என்று என்னிடம் கேட்பதில்லை.

இவற்றில் எதுவும் சேலத்துக் கடைகளில் விற்கவே இல்லையே. விற்காத பொருளின் மீது பழைய நினைவு எங்கிருந்து வந்தது?

ஏற்காட்டிலிருந்து வந்தது. என் பெரியப்பா அங்கே பேருந்து நிலையத்துக்கு அருகில் மளிகைக் கடையும், அதன் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புப் போட்ட ஐ.எஸ்.டி. பூத்தும் வைத்திருந்தார். மலையிலுள்ள விடுதிப் பள்ளிகளின் மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று வெளிநாட்டிலிருக்கும் பெற்றோருடன் பேசுவார்கள். அவர்களில் மஸ்கட்டிலிருந்து வந்து படித்த ஒரு மாணவன், 2001 ஏப்ரலில் தேர்வு முடிந்து ஊருக்குப் போகும்போது, பெட்டியில் இடமில்லை என்று ஒரு துணிப்பையைப் பெரியப்பாவிடம் கொடுத்து, ஜூனில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிச் சென்றிருக்கிறான். ஜூனில் அவன் வரவில்லை. அடுத்த ஜூன் நெருங்கியும் அவனைப் பற்றிய தகவல் இல்லை.

கோடை விடுமுறைக்கு ஏற்காடு போவது எங்கள் வீட்டு வழக்கம். 2002 மே மாதத்தில், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் கடையை விட்டு நகர முடியாத பெரியப்பாவை நான் படுத்திய பாட்டில், அலமாரியைத் திறந்து அந்தப் பையை எடுத்துக் கொடுத்தார். "அடுத்தவங்க பொருள்டா. வெளையாடிக்கோ, ஆனா ஒரு திருகுகூடக் கொறையக் கூடாது" என்றார். உள்ளே ஒரு டிரீம்காஸ்ட், ஒரு ஜாய்ஸ்டிக், அதில் செருகிய மெமரி அட்டை, 3 வட்டுகள் இருந்தன. மின்சாரம் கொடுத்ததும் மெமரி அட்டை நீளமாக ஒரு முறை வீறிட்டது. அதற்குள் இருக்கும் 2 பொத்தான் பேட்டரிகள் தீர்ந்துவிட்டால் அது அப்படித்தான் கத்தும் என்பது அன்று தெரியாமல், எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து அணைத்துவிட்டேன். மறுபடி போட்டபோது வட்டு சுழலும் ஓசை, காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் போலக் கரகரத்தது. திரையில் தேதியைச் சரிசெய்யச் சொன்னது. அது காட்டிய தேதி 1998 நவம்பர் 27. ஜப்பானில் டிரீம்காஸ்ட் விற்பனைக்கு வந்த நாள் அது. உள்ளேயிருக்கும் கடிகார பேட்டரி இறங்கிவிட்டால், எத்தனை ஆண்டு கழித்து எழுப்பினாலும் தான் பிறந்த நாளில்தான் அது கண் விழிக்கும்.

அந்த 3 வட்டுகளையும் ஒரே மாதத்தில் முடித்துவிட்டேன். பெரியப்பாவிடம் கெஞ்சி இயந்திரத்தைச் சேலத்துக்கு எடுத்து வந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. எங்கள் தெருவிலோ பள்ளியிலோ இன்னொரு டிரீம்காஸ்ட் இல்லை. மாற்றிக்கொள்ள நான்காவது வட்டுக்கு வழியில்லை. காசு சேர்த்து அப்பாவோடு, மின்னணுப் பொருள்களுக்குப் பேர்போன சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் பெயரைத் திருப்பிக் கேட்டுவிட்டு, பிளேஸ்டேஷன் வட்டு வேண்டுமா என்றார். வீட்டில் வாங்கியதே இல்லாத ஒரு பொருளுக்காக ஏங்கும் பழக்கம் அங்கே தொடங்கியது.

டிரீம்காஸ்ட் அவ்வளவு நல்ல இயந்திரம் என்றால், எப்படித் தோற்றது?

நான் ரிச்சி தெருவில் நின்ற நாளுக்கு ஓராண்டுக்கு முன்பே அதன் கதை முடிந்திருந்தது. 2001 ஜனவரி 31 அன்று சேகா உற்பத்தி நிறுத்தத்தை அறிவித்துவிட்டது. பெரியப்பாவின் கைக்குத் துணிப்பை வந்தபோதே அது நின்றுபோன இயந்திரம்தான். ஐந்து ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து நான் இதைத் தெரிந்துகொண்டது அதற்கும் பிறகு.

காரணம் கேட்டால் பலர் கள்ள வட்டு என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. டிரீம்காஸ்டுக்கென்றே ஏறக்குறைய 1 ஜிபி கொள்ளும் ஜிடி-ராம் என்ற வட்டை சேகா வடிவமைத்தது. சாதாரண சிடியில் அந்த ஆட்டங்களை அப்படியே நகலெடுக்க இயலாது. ஆனால் இசை வட்டுகளுக்காக அதே இயந்திரத்தில் மில்-சிடி என்ற பக்கக் கதவு ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்கள். 2000-இல் அந்தக் கதவு வழியாகச் சாதாரண சிடியில் எழுதிய ஆட்டங்கள் உள்ளே நுழைந்தன. முன்வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டைப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைச் சாத்த மறந்த கதை. ஆனாலும் இதையே முதல் காரணமாக என்னால் ஏற்க முடியவில்லை. முதல் பிளேஸ்டேஷனின் கள்ள வட்டு சேலத்தில்கூடத் தாராளமாகக் கிடைத்தது. அந்த இயந்திரம் 10 கோடிக்கு மேல் விற்றது.

என் கணிப்பில் சேகாவின் கெட்ட நேரம் முன்பே தொடங்கிவிட்டது. 1994-இல் தங்கள் பழைய கன்சோலான மெகா டிரைவின் தலைமேல் பொருத்தும் 32எக்ஸ் என்ற துணைக்கருவியை வாங்கச் சொல்லிவிட்டு, அதைச் சீக்கிரமே கைகழுவினார்கள். அடுத்து வந்த சாட்டர்னையும் அமெரிக்காவில் ஆயுள் முடியும் முன்பே விட்டுவிட்டார்கள். இரண்டு முறை கை சுட்டுக்கொண்டவர்கள் மூன்றாம் முறை பொறுத்துப் பார்ப்பார்கள்தானே. 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷன் 2 டிவிடி படமும் ஓட்டும் என்றதும் காத்திருப்பவர்கள் பெருகினார்கள். விளையாட்டு மென்பொருளில் பெரிய நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் டிரீம்காஸ்டுக்கு ஓர் ஆட்டம்கூடச் செய்யவில்லை. வாங்குபவர்கள் குறைவு என்று ஆட்டம் செய்பவர்கள் தயங்க, ஆட்டம் குறைவு என்று வாங்குபவர்கள் தயங்க, சேகாவின் கையிருப்பு கரைந்தது. மாற்றிக்கொள்ள இன்னொருவர் இல்லாமல் எங்கள் தெருவில் என் இயந்திரம் நின்றதும், உலகச் சந்தையில் சேகா நின்றதும் ஒரே காரணத்தால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் சின்ன வயதில் விளையாடிய 'டிவி கேம்' இந்த வரிசையில் வருமா?

வராது, அது வென்ற இயந்திரத்தின் நகல். நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் இயந்திரத்தைப் பார்த்து ஆசியாவின் பல பட்டறைகளில் செய்யப்பட்டவைதான், 1990-களில் நம் ஊர்ப் பாத்திரக் கடை முதல் ஃபேன்சி ஸ்டோர் வரை அட்டைப்பெட்டியில் அடுக்கியிருந்தவை. பிற்கால நகல்களைத் திறந்து பார்த்தால், சில்லு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பிசின் உருண்டை ஒன்றுதான் தெரியும். ஃபேமிகாமின் முக்கியச் சில்லுகள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி அந்தப் பிசினுக்கு அடியில் புதைத்திருப்பார்கள். '9999 இன் 1' என்று அச்சிட்ட கேசட்டில் உண்மையில் சில ஆட்டங்களே இருக்கும். மூன்றாம் பக்கத்திலிருந்து அவையே வேறு பெயரில் திரும்ப வரும்.

ஆனாலும் இந்தக் கேள்வியை நான் வரவேற்கிறேன், ஏனென்றால் ஒரு கன்சோல் எதனால் உயிர் வாழ்கிறது என்பதை அந்த மலிவான பெட்டிதான் காட்டியது. சேலம் அம்மாப்பேட்டையில் வாங்கிய கேசட், குகை என்ற பகுதியில் ஒருவன் வீட்டுப் பெட்டியில் ஓடும். அவனுடையது சூரமங்கலத்தில் ஓடும். என் அண்ணன் ஒரே கேசட்டை வைத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறை முழுவதும் 14 ஆட்டங்களை மாற்றி மாற்றி விளையாடியிருக்கிறான். திரும்பி வராத கேசட்டுக்காகப் பேச்சுவார்த்தை நின்ற நட்புகளும் உண்டு.

நின்டெண்டோவின் விர்ச்சுவல் பாய் கண்ணைக் கெடுத்துவிடுமா? உங்களிடம் உள்ளது வேலை செய்கிறதா?

கண்ணைக் கெடுத்ததாக நான் அறிந்ததில்லை. தலைவலியைக் கொடுக்கும் என்பதற்கு நானே சாட்சி. 7 வயதுக்குட்பட்ட குழந்தைகள் பயன்படுத்த வேண்டாம் என்று நின்டெண்டோவே எச்சரித்திருந்தது. எங்கள் அறையிலும் அதே விதிதான்.

முக்காலி போன்ற தாங்கியில் நிற்கும் சிவப்பும் கறுப்புமான முகமூடி இது. மேசையில் வைத்து, முகத்தை அதற்குள் புதைத்துப் பார்க்க வேண்டும். வழக்கமான திரை எதுவும் உள்ளே இல்லை. ஒவ்வொரு கண்ணுக்கும் 224 சிறு சிவப்பு எல்இடி விளக்குகளை ஒரே செங்குத்து வரிசையில் அடுக்கி, எதிரே ஒரு கண்ணாடியை நொடிக்கு 50 முறை அசைக்கிறார்கள். அசையும் கண்ணாடியில் அந்த ஒற்றை வரிசை இடமிருந்து வலமாக இழுபட்டு முழுப் படமாக விரிகிறது. இரண்டு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படம் போவதால் ஆழம் தெரிகிறது. காதை வைத்துக் கேட்டால் கண்ணாடியின் மெல்லிய ரீங்காரம்கூடக் கேட்கும். சிவப்பு விளக்குதான் அன்று மலிவு, மின்சாரமும் குறைவாக எடுக்கும் என்பதால் உலகமே சிவப்பாயிற்று. 1995 ஜூலையில் ஜப்பானிலும், ஆகஸ்டில் அமெரிக்காவிலும் வந்து, 22 ஆட்டங்களோடு ஓராண்டுக்குள் நின்றுபோனது. மொத்த விற்பனை ஏறக்குறைய 7.7 லட்சம்.

இதை வடிவமைத்த குன்பெய் யோக்கொய்தான் கேம் பாயையும் உருவாக்கியவர் என்றால் பலர் நம்புவதில்லை. பழகித் தேய்ந்து மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தை யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நின்டெண்டோவிலிருந்து விலகிய பின் அவர் பந்தாய்க்காக உருவாக்கிய வொண்டர்ஸ்வான், ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் 30 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. 1999-இல் அது கடைக்கு வந்தபோது அவர் உயிருடன் இல்லை. 1997 அக்டோபர் 4 அன்று சாலை விபத்தில் இறந்துவிட்டார். வொண்டர்ஸ்வானும் ஜப்பானைத் தாண்டவில்லை. என்னிடம் உள்ள 11-இல் மறுபடி உற்பத்திக்கு வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அது ஒன்றுதான்.

இனி பழுதுக்கு வருகிறேன். விர்ச்சுவல் பாயின் காட்சிப் பலகையில் தட்டையான ரிப்பன் கேபிளைப் பற்றவைக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். பசை காய்ந்து விலகும்போது படத்தில் கிடைமட்டக் கோடுகள் விடுபட்டுப் போகும். நான் வாங்கியது அந்த நிலையில்தான் வந்தது, கூரியரில் தாங்கியின் ஒரு காலும் முறிந்திருந்தது. சேலத்தில் மொபைல் சர்வீஸ் செய்யும் இருவர் பார்த்துவிட்டுக் கைவிரித்தார்கள். கடைசியில் அதைச் சரிசெய்தவர், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர். கொலுசின் கண்ணிகளைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தே பழகிய கை. பேச்சிலும் பொடி வைத்து ஊதுவார் என்பது வேறு விஷயம். ரிப்பனின் ஓரத்தைக் கத்தி முனையால் சுரண்டிச் செம்பு இழைகளை வெளியே எடுத்து, ஒவ்வோர் இழையாகப் பலகையில் பற்றவைத்தார். மாலை 4 மணிக்கு உட்கார்ந்தவர் எழுந்தபோது இரவு 9. முகத்தைப் புதைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார். அவருக்குத் தலைவலி உடனே வந்துவிட்டது.

ஜாகுவார், 3டிஓ, சாட்டர்ன்: இவை விலையால்தான் தோற்றனவா?

3டிஓ விலையால் தோற்றது. 1993 அக்டோபரில் அமெரிக்காவில் 699 டாலருக்கு வந்தது. அன்றைய மாற்று மதிப்பில் 20,000 ரூபாய்க்கு மேல். 3டிஓ நிறுவனம் இயந்திரத்தைத் தானே செய்யாமல், பேனசானிக் போன்ற நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்துச் செய்யச் சொன்னது. மற்றவர்கள் இயந்திரத்தில் நட்டப்பட்டு ஆட்டத்தில் சம்பாதிப்பார்கள். பேனசானிக்குக்கு ஆட்டத்தில் வருமானம் இல்லாததால் இயந்திரத்திலேயே லாபம் எடுக்க வேண்டியிருந்தது. விலை அதனால் அப்படி ஏறியது.

சாட்டர்ன் விலையோடு அவசரத்தாலும் தோற்றது. 1995 மே 11 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில், செப்டம்பரில் வர வேண்டிய இயந்திரம் இன்றே கடைகளில் கிடைக்கிறது என்று அறிவித்து 399 டாலர் விலை சொன்னார்கள். சரக்கு கிடைக்காத கடைகள் கோபித்துக்கொண்டன. ஆட்டங்களும் தயாராக இருக்கவில்லை. அதே நாளில் சோனியின் அதிகாரி மேடையேறி, தங்கள் பிளேஸ்டேஷனின் விலையாக "299" என்ற ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கினார்.

அட்டாரி ஜாகுவாரின் கதை வேறு. 1993 நவம்பரில் 250 டாலருக்கு வந்த மலிவான இயந்திரம்தான். 64 பிட் என்று விளம்பரம் செய்தார்கள்; உள்ளே இருந்த சில பகுதிகள் 64 பிட், சில 32, ஒன்று மோட்டோரோலா 68000 என்ற பழைய சில்லு. எழுதுவதற்குக் கடினமானதாகவும் பிழைகள் நிறைந்ததாகவும் இருந்ததால், ஆட்டம் எழுதியவர்கள் தங்களுக்குப் பழகிய 68000-ஐ மட்டும் வேலை வாங்கினார்கள். ஜாய்ஸ்டிக்கில் தொலைபேசி போல 12 எண் பொத்தான்கள் உண்டு. எங்கள் அறைக்கு வரும் பெரியவர்கள் அதைப் பார்த்ததும் காதில் வைத்துப் பார்க்கிறார்கள். அதன் வெளிக்கூட்டின் அச்சை, அட்டாரி போன பிறகு பல் மருத்துவக் கேமரா செய்யும் ஒரு நிறுவனம் வாங்கி, அதே கூட்டில் தன் கருவியை விற்றது. தோற்ற இயந்திரங்களுக்கு அமைந்த மறுபிறவிகளில் இதைவிட வேடிக்கையான ஒன்றை நான் கேட்டதில்லை.

நோக்கியா என்-கேஜை எல்லாரும் ஏன் கேலி செய்தார்கள்?

கேலிக்கு உரியதுதான். 2003 அக்டோபரில் வந்த இந்தக் கைப்பேசியில் ஆட்டத்தை மாற்ற வேண்டுமானால், பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, அட்டையை மாற்றி, மறுபடி எல்லாவற்றையும் பொருத்திப் போனை எழுப்ப வேண்டும். பேசுவதற்கோ அதன் ஓரத்தைக் காதில் வைக்க வேண்டும். மடித்த தோசையைச் செங்குத்தாகக் காதில் பிடித்தது போலிருக்கும். கல்லூரி நண்பன் ஒருவன் பழைய பேருந்து நிலையத்தருகே செகண்ட் ஹேண்டில் வாங்கி, மேட்டூர் பேருந்தில் அப்படிப் பேசிக்கொண்டு வந்ததில், நடத்துநரே திரும்பிப் பார்த்தார். அடுத்த ஆண்டே வந்த கியூடி மாதிரியில் இரண்டு குறைகளையும் நீக்கினார்கள்; அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. இன்று போனில் விளையாடாதவர்கள் யார்? எண்ணம் சரியாகத்தான் இருந்தது.

இந்தியா போன்ற நாடுகளுக்கென்றே ஒரு கன்சோல் வந்ததாமே?

ஜீபோ. கைப்பேசிச் சில்லு செய்யும் குவால்காம் நிறுவனத்தின் ஆதரவில், வளரும் நாடுகளை மனத்தில் வைத்து, வட்டே இல்லாமல் கைப்பேசி வலைப்பின்னல் வழியே ஆட்டத்தை இறக்கிக்கொள்ளும்படி செய்தார்கள். 2009-இல் பிரேசிலிலும் மெக்சிகோவிலும் விற்றது, 2011-இல் நின்றது. இங்கு வரவில்லை, என்னிடமும் இல்லை.

இவற்றை வீட்டிலுள்ள புதிய டிவியில் இணைக்கலாமா?

இணைக்கலாம், ஆனால் படம் அழகாக இராது. பழைய இயந்திரங்கள் அனுப்பும் 240 வரிப் படத்தைப் பல புதிய டிவிகள் தவறாகப் புரிந்துகொண்டு குழப்பி, பெரிதாக்கிக் காட்டும். அதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே சிறு தாமதம் வரும். துப்பாக்கி ஆட்டங்கள் அடியோடு வேலை செய்யா. விசையை இழுத்த கணத்தில் திரை கறுப்பாகி, குறி இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும். அந்த வெளிச்சம் குறித்த நேரத்துக்குள் துப்பாக்கி முனைக்குள் விழுகிறதா என்றுதான் இயந்திரம் பார்க்கிறது. தாமதமாக வரும் வெளிச்சம் அதற்குக் கணக்கில்லை.

ஆகவே பழைய குழாய் டிவிதான் சிறந்தது. அதற்குத் தமிழ்நாட்டில் நாம் கொடுத்து வைத்தவர்கள். 2006-க்குப் பிறகு அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவிகள் இன்னும் பரண்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கிடக்கின்றன. எங்கள் அறையில் இருப்பவை அத்தகைய 3 டிவிகள்தான். லீ பஜார் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டுக் கொடுத்தார்கள். டிவியின் பின்மூடியை மட்டும் நீங்களாகக் கழற்ற வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் படக்குழாயில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். டிரீம்காஸ்டுக்கு மட்டும் விஜிஏ இணைப்பு உண்டு என்பதால், பழைய கணினித் திரையில் அதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

வெளிநாட்டு இயந்திரத்தை நேரடியாக நம் பிளக்கில் செருகலாமா?

முதலில் அடிப்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஜப்பானிய இயந்திரம் 100 வோல்ட், அமெரிக்க இயந்திரம் 120 வோல்ட். நம் வீட்டில் 230. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் 'டப்' என்ற ஒரே ஓசையில் கதை முடியும். நான் ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

ஏற்காட்டு வீட்டில் பழைய கன்சோல் கிடக்கிறது. அங்கேயே இருக்கலாமா?

முடிந்தவரை இந்த வாரமே கீழே கொண்டு வாருங்கள். மழைக்காலத்தில் ஏற்காட்டின் மூடுபனி அலமாரிக்குள்ளும் வரும். பெரியப்பா வீட்டில் தோல் செருப்பில் பூக்கும் அதே வெண்பூஞ்சை, வட்டின் மீதும், வட்டைப் படிக்கும் லென்ஸ் மீதும், விர்ச்சுவல் பாயின் கண்ணாடிகள் மீதும் படரும். டிரீம்காஸ்டின் 3 வட்டுகளில் ஒன்றை நான் இழந்தது அப்படித்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, ஓரத்திலிருந்து கோலத்தின் இழை போல உள்ளே ஊர்ந்திருந்தது.

அங்கேதான் வைக்க வேண்டும் என்றால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலத்தை மாதம் ஒரு முறை மாற்றுங்கள். பென்சில் பேட்டரிகளை எந்த இயந்திரத்திலும் உள்ளே விட்டுவைக்காதீர்கள். கசிந்து, இரும்புச் சுருளைப் பச்சையாக அரித்துவிடும். கையடக்க இயந்திரங்களான அட்டாரி லின்க்ஸும் சேகா கேம் கியரும் ஆளுக்கு 6 பேட்டரி கேட்கும் என்பதால் அங்கே நட்டமும் 6 மடங்கு. கேம் கியரில் இன்னொரு நோயும் உண்டு: பலகையிலுள்ள சிறு கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் கசிகின்றன. பற்றவைக்கும் கருவியை அருகே கொண்டுபோனதும் கருவாட்டு வாடை அடித்தால், அவை கசிந்துவிட்டன என்று பொருள். எல்லாவற்றையும் மாற்றி, பலகையை ஐ.பி.ஏ. (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) திரவத்தில் துடைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

சேலத்தில் ஈரம் இல்லை. அதற்குப் பதில் மே மாத வெயிலும் புழுதியும். தகரக் கூரையடியில் மட்டும் வைக்காதீர்கள்.

கேசட்டை ஊதிப் போட்டால் ஓடுமே, ஊதலாமா?

ஊதக் கூடாது. ஓடியது ஊதியதால் இல்லை. கழற்றி மறுபடி செருகியதில் தொடுமுனைகள் சரியாகப் பொருந்தியதால். எச்சில் ஈரம் செம்பைக் கறுக்க வைக்கும். இதைத் தெரிந்தும் நான் இன்றும் ஊதுகிறேன், கை பழகிவிட்டது.

கணினியில் பழைய இயந்திரம் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருள் இருக்கும்போது இந்த இரும்பு எதற்கு?

ஆட்டத்தைத் தெரிந்துகொள்ள எமுலேட்டர் போதும்; பல ஆட்டங்களுக்கு அதுவே மேல். ஆனால் விர்ச்சுவல் பாயின் கண்ணாடி ரீங்காரத்தையோ, என்-கேஜின் பேட்டரியை எடுக்கும் எரிச்சலையோ எமுலேட்டரில் அனுபவிக்க இயலாது. இவை ஏன் விற்கவில்லை என்பது கையில் பிடித்தால்தான் தெரிகிறது. இதோடு கேட்கப்படும் இன்னொரு கேள்விக்கும் இங்கேயே விடை சொல்கிறேன்: கடையில் கிடைக்காததால் ஓர் ஆட்டத்தின் பதிப்புரிமை காலாவதியாவதில்லை, ஆகவே எங்கள் அறையில் நகலெடுத்துக் கொடுப்பதில்லை. ஜாகுவாருக்கு நிலைமை சற்று வேறு. 1999-இல் அதன் உரிமையாளரான ஹாஸ்ப்ரோ, யார் வேண்டுமானாலும் அதற்கு ஆட்டம் செய்யலாம் என்று உரிமையை விட்டுக்கொடுத்ததால், ஆர்வலர்கள் இன்றும் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். டிரீம்காஸ்டுக்கும் அப்படி வருகின்றன.

நானும் ஒன்று வாங்க வேண்டும். எதில் தொடங்கலாம்?

டிரீம்காஸ்டில் தொடங்குங்கள். உதிரி கிடைக்கிறது, திறப்பதற்கு எளிது. ஐரோப்பிய மாதிரியாகப் பார்த்து வாங்கினால் நம் மின்சாரத்துக்கே ஓடும். வாங்கும்போது மெமரி அட்டை வீறிட்டால் பயப்பட வேண்டாம்; வட்டு சுழலத் தொடங்கித் திரும்பத் திரும்ப நின்றால் மட்டும் லென்ஸைச் சந்தேகியுங்கள். விர்ச்சுவல் பாயை முதல் இயந்திரமாக வாங்காதீர்கள், கொலுசுப் பட்டறையில் நண்பர் இருந்தாலொழிய. வாங்குவதாயின் உங்கள் நண்பர் ஒருவரையும் அதே இயந்திரத்தை வாங்கச் சொல்லுங்கள் என்பேன். வட்டை மாற்றிக்கொள்ள ஆள் இல்லாத இயந்திரம் 2 மாதத்தில் பரணுக்குப் போய்விடும்.

உங்களிடம் உள்ளதில் எதையாவது விலைக்குக் கொடுப்பீர்களா?

இரண்டாவது கேம் கியர் ஒன்று இருக்கிறது, கொடுப்பேன். சிடி-ஐ இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குத் தட்டுவடை செட்டும் வாங்கிக் கொடுப்பேன்.

டிரீம்காஸ்டை மட்டும் கேட்காதீர்கள், அது என்னுடையது இல்லை. பேட்டரி தீர்ந்தாலும் அதன் மெமரி அட்டையில் பதிந்தவை அழிவதில்லை. மஸ்கட் மாணவன் விட்டுப்போன பதிவுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. 200 கட்டங்களில் அவனுடையவை 140-க்கு மேல். இடம் போதாமல் என் பதிவுகளுக்கென்று வேறோர் அட்டை வாங்கி, இரண்டாம் துளையில் செருகி வைத்திருக்கிறேன். இயந்திரத்தின் தேதியை ஒவ்வொரு முறையும் நான்தான் சரிசெய்கிறேன். திருகுகளை எண்ணிப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கின்றன.